கல்லூரித் தோழர்களை முதுமையிலும் விட்டுவிடாமல் இருக்க: எல்லைப்புறத்தாருக்கான முழுமையான வழிகாட்டி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் அரசுக் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் என் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த நண்பர் பொள்ளாச்சியில் காலமான செய்தி, நான்கு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. நான் இருப்பது தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறையில். அவர் வீட்டுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். பொள்ளாச்சிப் பக்கம் ஒருவர் மறைந்தால் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டுவார்கள். பாலக்காட்டுப் பக்கம் மலையாள நாளிதழின் ‘சரமம்’ என்ற மறைவுச் செய்திப் பக்கத்தில் படத்தோடு போடுவார்கள். அந்தச் சுவரொட்டி எல்லையைத் தாண்டி வருவதில்லை. இந்த நாளிதழை அங்கே வாங்குவோர் மிகக் குறைவு. ஒரே வகுப்பில் படித்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கமும் பாதிப் பேர் இந்தப் பக்கமுமாக வாழும் எங்கள் ஊர்களில், சாவுச் செய்திகூட மொழி தெரியாமல் சோதனைச்சாவடியில் நின்றுவிடுகிறது.

என்னை அதைவிட வருத்தியது வேறொன்று. நாங்கள் இருவரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருந்தோம். அவர் மறைந்த பிறகும் அந்த நான்கு மாதமும் நாள் தவறாமல் காலை வணக்கப் படம் அனுப்பிக்கொண்டிருந்தேன். அனுப்பியதால் தொடர்பில் இருப்பதாக நம்பியும் இருந்தேன். குழுவில் இருப்பது வேறு, தொடர்பில் இருப்பது வேறு என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். எழுபது வயதை ஒட்டியவர்களுக்குத் தொடர்பு என்றால் மாதம் ஒரு முறையாவது ஒருவர் குரலை மற்றவர் கேட்பதும், அந்தக் குரல் வராத மாதத்தில் யாரிடம் விசாரிப்பது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பதும்தான். கீழே சொல்லியிருப்பவை யாவும் இந்த இரண்டையும் நடைமுறையில் கொண்டுவருவதற்கான வழிகள். மூன்று ஆண்டுகளாக நானும் என் தோழர்கள் சிலரும் செய்து பார்த்து, சிலவற்றைத் திருத்தியும் கொண்ட வழிகள் இவை.

முதல் படி: பெயர்ப் பட்டியலைக் குழுப் படத்திலிருந்து தொடங்குங்கள்

நினைவிலிருந்து பட்டியல் போட்டால், நெருக்கமாக இருந்தவர்களின் பெயர்கள்தான் வரும். வகுப்பில் அதிகம் பேசாமல் இருந்தவர்கள் விடுபட்டுப் போவார்கள். முதுமையில் தனித்துப் போகிறவர்களும் பெரும்பாலும் அவர்களே. ஆகவே கடைசி ஆண்டில் எடுத்த குழுப் படத்தை எடுத்து மேசைமேல் வையுங்கள். அந்தக் காலத்துக் குழுப் படங்களில், கெட்டி அட்டையின் அடியில் ‘இடமிருந்து வலம், அமர்ந்திருப்போர், நிற்போர் முதல் வரிசை, இரண்டாம் வரிசை’ என்று எல்லோர் பெயரும் அச்சிட்டிருக்கும். என்னிடம் இருந்த படத்தில் வலப்பக்க மூலையைப் பூச்சி அரித்திருந்தது. இரண்டாம் வரிசையின் கடைசி ஆளுக்கு முகம் உண்டு, பெயர் இல்லை. அட்டையில் மிஞ்சியிருந்தது ஓர் இனிஷியலும் ‘ன்’ என்ற எழுத்தும் மட்டுமே. அதே படத்தின் இன்னொரு பிரதி ஆலத்தூரில் ஒரு தோழியின் தாய்வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்ததால்தான் அவர் பெயர் கிடைத்தது. எனவே ஒரே பிரதியை நம்பாமல் இரண்டு மூன்று பேரிடம் கேட்டு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். படத்தைப் பகல் வெளிச்சத்தில், கண்ணாடிச் சட்டத்திலிருந்து வெளியே எடுத்து, நேர்மேலிருந்து கைப்பேசியில் பிடித்தால் பெயர்கள் தெளிவாக விழும்.

பட்டியலை எழுதும்போது பிரீ டிகிரித் தோழர்களையும் பட்டப் படிப்புத் தோழர்களையும் தனித்தனியாகக் குறியுங்கள். கேரளத்தில் பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு ஆண்டு பிரீ டிகிரி இருந்தது. அதே காலத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பதினோராம் வகுப்பும் பி.யு.சி. என்ற ஓராண்டுப் புகுமுக வகுப்பும் முடித்துப் பட்டப் படிப்பில் வந்து சேர்ந்தார்கள். எனவே கோவை, பொள்ளாச்சிப் பக்கத்துத் தோழர்களுக்கு நம் பிரீ டிகிரிக் கூட்டத்தை அறவே தெரியாது. இரண்டையும் கலந்து ஒரே குழுவாக்கினால், பாதிப் பேர் பாதிப் பேரை அறியாமல் பேச்சற்று உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டாம் படி: காணாமற்போனவர்களைத் தேடுவது

தேடுதலில் கேரளத்துக்குத் தனியான வசதி ஒன்று உண்டு: வீட்டுப்பேர். ஆளின் பெயர் மறந்தாலும், இடம் மாறினாலும், ஊரில் பழையவர்களிடம் வீட்டுப்பேரைச் சொன்னால் இப்போது யார் எங்கே என்று சொல்லிவிடுவார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் அந்த வேலையைச் செய்வது தோட்டத்தின் பெயர். ஆனைமலை, கிணத்துக்கடவுப் பகுதிகளில் இன்ன தோட்டத்துக்காரர் என்றால்தான் பலருக்கு ஆள் பிடிபடும். பழைய கடிதம் ஏதாவது இருந்தால் அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள். 678 என்று தொடங்கினால் பாலக்காட்டுப் பக்கம், 641 என்றால் கோவை, 642 என்றால் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம். அந்த அஞ்சலகத்துத் தபால்காரரிடம் கேட்பது, கணினியில் தேடுவதைவிடப் பெரும்பாலும் விரைவில் பலன் தரும்.

பழைய டைரியில் இருக்கும் தரைவழித் தொலைபேசி எண்களை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட வேண்டாம். பல ஊர்களில் பழைய எண்ணுக்கு முன்னால் 2 சேர்த்தார்கள். அப்படிச் சேர்த்து, 0491, 04259, 0422 என்று உரிய ஊர்க் குறியீட்டோடு அடித்துப் பாருங்கள். வீட்டை விற்காதவர்களில் சிலர் இணைப்பையும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

வகுப்புத் தோழிகளைத் தேடுவதற்குக் கூடுதல் பொறுமை வேண்டும். திருமணத்துக்குப் பின் இனிஷியல் மாறியிருக்கும், ஊர் மாறியிருக்கும், சிலருக்கு அழைக்கும் பெயரே மாறியிருக்கும். அவர்களை உடன்பிறந்தவர்கள் வழியாகத் தேடுவதே சரியான வழி. எண் கிடைத்தவுடன் ஆண்கள் நேரே அழைத்துவிடாமல், முதல் அழைப்பை இன்னொரு வகுப்புத் தோழி செய்யட்டும். ஐம்பது ஆண்டுகள் பேசாமல் இருந்த ஒருவர் திடீரென்று அழைத்தால் அந்த வீட்டில் எழும் கேள்விகளுக்கு அந்த அம்மையார்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவர் விருப்பத்தோடு வரும்போது வரட்டும். வர விரும்பவில்லை என்றால் அதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: ஒரு கெட்டி நோட்டு, ஆளுக்கு ஒரு பக்கம்

கைப்பேசி தொலையும், பழுதாகும், எண் மாறும். ஆகவே நோட்டில் மையால் எழுதி வையுங்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் அவருடைய எண்ணுக்குக் கீழே இன்னும் இரண்டு எண்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: உடன் வாழ்பவருடையது ஒன்று, வெளியூரில் இருக்கும் மகன் அல்லது மகளுடையது ஒன்று. இந்த மூன்றாவது எண்தான் பலர் வாங்காமல் விடுவது. முதியவர் மருத்துவமனையில் படுத்தால் கணவர் மனைவி இருவருமே வீட்டில் இருக்க மாட்டார்கள்; அப்போது பெங்களூரிலோ துபாயிலோ இருக்கும் பிள்ளைக்குத்தான் உண்மை நிலவரம் தெரியும். இந்த எண்ணை நலமாக இருக்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். உடல்நிலை மோசமான பிறகு கேட்டால் வீட்டார் அரண்டுபோவார்கள்.

முன்கட்டணச் சிம் அட்டை தொண்ணூறு நாள் பயன்படுத்தப்படாமலும் போதிய இருப்பு இல்லாமலும் கிடந்தால் நிறுவனம் இணைப்பைத் துண்டிக்கலாம்; அந்த எண் பிறகு வேறொருவருக்குப் போய்ச் சேரும். நோயில் படுத்தவர்களுக்கு இப்படித்தான் எண் கைவிட்டுப் போகிறது. பழைய எண்ணில் முன்பின் தெரியாத ஒருவர் எடுத்தால், ஆள் போய்விட்டார் என்று எண்ணிக் கலங்காமல் இரண்டாம், மூன்றாம் எண்களுக்குப் போங்கள்.

எண்களுக்கு அடுத்தபடியாக எந்த நேரத்தில் விழித்திருப்பார், எந்தக் காது நன்றாகக் கேட்கிறது, எந்த மொழியில் பேசினால் இலகுவாக இருக்கும், வீட்டில் யார் கவனிக்கிறார்கள் என்பவற்றை எழுதுங்கள். பிறந்தநாள் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. எங்கள் தலைமுறையில் பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதி பலருக்கு உண்மையான தேதி அன்று. பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் போட்ட தேதி. மலையாளத் தோழர்களின் வீட்டில் பிறந்தநாள் கொண்டாடுவதும் மலையாள மாதமும் நட்சத்திரமும் சேர்ந்த நாளில்தான். ஆவணிதான் சிங்ஙம், மாசிதான் கும்பம் என்று மாதங்கள் நமக்கும் அவர்களுக்கும் ஒத்து வருவதால், மாதத்தையும் நட்சத்திரத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டால் நம் வீட்டு நாட்காட்டியிலேயே நாளைக் கண்டுபிடித்துவிடலாம். அந்த நாளில் அழைத்தால் அவர்களுக்கு உண்டாகும் மகிழ்ச்சியே வேறு.

நான்காம் படி: பொறுப்பைப் பிரித்துக்கொள்வது

நாற்பது பேரை ஒருவரே அழைக்க முடியாது. முயன்றால் மூன்று மாதத்தில் ஓய்ந்துவிடுவார். எட்டுப் பேர் முன்வந்து ஆளுக்கு ஐந்து பேரை எடுத்துக்கொள்வது நல்ல அளவு. இதில் எல்லைப்புறத்தார் கவனிக்க வேண்டியது, எடுத்துக்கொள்ளும் ஐந்து பேரில் இரண்டு பேராவது மறுபக்கத்தாராக இருக்க வேண்டும் என்பது. சித்தூர்க்காரர் சித்தூர்க்காரர்களையும் பொள்ளாச்சிக்காரர் பொள்ளாச்சிக்காரர்களையும் மட்டும் எடுத்துக்கொண்டால், என் நண்பருக்கு நேர்ந்தது மறுபடியும் நேரும். பொறுப்பேற்றவரே படுத்துவிட்டால் யார் தொடர்வது என்பதையும் அன்றே பேசி, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, எட்டுப் பேரிடமும் பிரதி கொடுத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: அழைத்துப் பேசுவது

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான், நான் அதிகம் பிழை செய்ததும் இதில்தான்.

நேரத்திலிருந்து தொடங்குவோம். காலை பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் இடையே பெரும்பாலோர் குளித்து, சிற்றுண்டி முடித்து, மருந்து போட்டுத் தெளிவாக இருப்பார்கள். மதியம் தூக்கம். மாலை நேரத்தில் மறதி நோய் உள்ளவர்களுக்குக் குழப்பமும் படபடப்பும் கூடும். இரவு எட்டுக்குமேல் வரும் அழைப்பு எந்த முதியவர் வீட்டிலும் முதலில் பயத்தைத்தான் உண்டாக்கும்.

காது மந்தமானவர்களிடம் சத்தம் போட்டுப் பேசுவதால் பயனில்லை. முதுமையில் முதலில் குறைவது உயர்ந்த சுருதியில் வரும் ஒலிகளைக் கேட்கும் திறன்; அதனால் உயிரொலிகள் காதில் விழுந்து, ச, த போன்ற மெய்யொலிகள் மங்கிப்போகும். ‘குரல் கேட்குது, என்ன சொல்றேன்னுதான் விளங்கலை’ என்று அவர்கள் சொல்வது இதனால்தான். கத்தும்போது நம் குரலின் சுருதி ஏறுகிறது, விளங்காமை இன்னும் கூடுகிறது. குரலைச் சற்றுத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்தி, சிறு வாக்கியங்களாகப் பேசுங்கள். விளங்காத சொல்லைத் திருப்பிச் சொல்வதைவிட வேறு சொல் போட்டுச் சொல்வது பயன் தரும். பழைய தரைவழித் தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்துவது. இணையவழி அழைப்பில் அதைவிட அகலமான ஒலி வருவதால், நல்ல சிக்னல் இருக்கும் வீடுகளில் வாட்ஸ்அப் அழைப்பு தெளிவாகக் கேட்கும். காணொளி அழைப்பானால் உதட்டசைவும் சேர்ந்து உதவும்.

காதே கேட்காத நிலைக்கு வந்தவர்களுக்குக் கடிதம் எழுதுங்கள். ஐம்பது காசு அஞ்சலட்டையும் இரண்டரை ரூபாய் இன்லண்டும் இதற்குப் போதும். எழுத்தைப் பெரிதாக, கருப்பு மையில், வரிகளுக்கு நடுவே இடம் விட்டு எழுத வேண்டும். தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத மலையாளத் தோழருக்கு, வீட்டுப் பிள்ளைகள் யாரையாவது மலையாளத்தில் எழுதித் தரச் சொல்லி, கீழே உங்கள் கையெழுத்தைப் போட்டு அனுப்புங்கள். என் தோழர் ஒருவர் அப்படி வந்த ஒரு இன்லண்டைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்ததை அவர் மகள் எனக்குக் காட்டினார். மடிப்பில் கிழிந்து, பசைத்தாள் ஒட்டியிருந்தது.

வீட்டார் எடுத்தால் முதலில் அவர்களிடம் நம்மைத் தெளிவாக அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். ‘சேச்சி, நான் சித்தூர் காலேஜில் அவர்கூடப் படிச்ச கொழிஞ்சாம்பாறைக்காரன். அவர் எழுந்தாச்சா, இல்லே பின்னே கூப்பிடட்டுமா?’ என்று கேட்டால் அவர்களுக்கும் தேர்ந்துகொள்ள இடம் கிடைக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் ‘அம்மிணி’ என்றோ ‘அக்கா’ என்றோ சொல்லி, ‘ங்க’ போட்டுப் பேச வேண்டும். தோழரோடு நாம் ‘எடா’, ‘வாடா’ என்று பேசுவது உரிமை. அவர் மனைவியின் காதில் அது முதல் வாக்கியமாக விழ வேண்டியதில்லை.

நினைவு மங்கத் தொடங்கியவரிடம் ‘நான் யார் சொல்லு பார்க்கலாம்’ என்று ஒருநாளும் கேட்காதீர்கள். நான் கேட்டிருக்கிறேன். மறுமுனையில் நீண்ட மௌனம். பிறகு அவர் கைப்பேசியை மனைவியிடம் கொடுத்துவிட்டார். அடுத்த இரண்டு முறையும் என் அழைப்பை அவர் எடுக்கவில்லை. தேர்வு மண்டபத்தில் விடை தெரியாமல் உட்கார்ந்திருக்கும் அவமானத்தை எழுபத்தோரு வயதில் அவருக்கு நான் தந்துவிட்டேன். இப்போது நானே எல்லாவற்றையும் சொல்லித் தொடங்குகிறேன்: என் பெயர், ஊர், எந்த ஆண்டு, எந்த பெஞ்சு. இந்நோயில் நேற்று நடந்தது முதலில் மறையும். பழையவை நெடுநாள் தங்கும். ஆகவே ‘காலையில் என்ன சாப்பிட்டாய்?’ என்பதைவிட, சித்தூர் ஆறான சோகநாசினியின் படித்துறையில் உட்கார்ந்து படித்த நாளைப் பற்றிப் பேசுவது அவருக்கு இலகு. நாற்பது ஆண்டுகள் மலையாளத்திலேயே அலுவல் பார்த்த ஒரு தோழர், இப்போது மலையாளத்தில் கேட்டால் ‘உம்’ கொட்டுகிறார், தமிழில் கேட்டால் வாக்கியமாகப் பதில் சொல்கிறார். அவர் வீட்டில் பேசி வளர்ந்த மொழி தமிழ். இரண்டு மொழியும் தெரிந்த நமக்கு இது ஒரு கொடுப்பினை. எந்த மொழியில் கதவு திறக்கிறதோ அந்த மொழியில் பேசுங்கள்.

அழைப்பு பத்து நிமிடம் போதும். நோயைப் பற்றிய பேச்சு அதில் பாதிக்குமேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர் நோயைப் பற்றித்தான் பேச விரும்பினால் இடைமறித்துப் பேச்சை மாற்றவும் வேண்டாம். மருந்து பற்றி யோசனை சொல்வதை நான் அடியோடு விட்டுவிட்டேன். முடிக்கும்போது அடுத்து எந்த நாள் அழைப்பீர்கள் என்று சொல்லி, நோட்டில் எழுதி, அந்த நாளில் தவறாமல் அழையுங்கள். அந்த நாளை எண்ணிக் காத்திருப்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

ஆறாம் படி: வாட்ஸ்அப் குழுவை எதற்கு வைத்துக்கொள்வது

குழு தேவைதான், அறிவிப்புக்கும் படங்களுக்கும் அது உதவும். காலை வணக்கப் படங்களையும் அரசியலையும் மதத்தையும் மருத்துவக் குறிப்புகளையும் விலக்கிவைக்க எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான், முக்கியமான செய்தி வரும்போது கண்ணில் படும். இரண்டு மாநிலத் தேர்தல் பேச்சும் ஒரே குழுவில் வந்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எழுத்து சிறிதாகத் தெரிகிறவர்களுக்கு, செயலியின் அமைப்புகளில் சாட்ஸ் என்ற பகுதிக்குள் எழுத்தளவைப் பெரிதாக்கிக் கொடுங்கள். தட்டச்சு வராதவர்களுக்கும், தமிழ், மலையாளம் இரண்டில் ஒன்றை மட்டுமே படிக்கத் தெரிந்தவர்களுக்கும் ஒலிவாங்கிக் குறியை அழுத்திப் பிடித்துக் குரல் செய்தி அனுப்பக் கற்றுக்கொடுங்கள். எங்கள் குழு உயிர் பெற்றது குரல் செய்திக்கு மாறிய பிறகுதான். குழுக் காணொளி அழைப்பில் 32 பேர் வரை சேரலாம் என்றாலும், முதியவர்களுக்கு ஐந்தாறு பேர்தான் தாங்கும். அதற்குமேல் யார் பேசுகிறார் என்பதே விளங்காது.

ஒருவர் குழுவிலிருந்து சத்தமின்றி மறைந்தால் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று முடிவு கட்ட வேண்டாம். 120 நாள் பயன்படுத்தப்படாத வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக நீக்கப்படும். அதை அழைத்து விசாரிப்பதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மோசடி பற்றி ஒன்று. தோழரின் படத்தோடும் பெயரோடும் ‘ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், உடனே பணம் அனுப்பு’ என்று செய்தி வந்தால், அவர் குரலைக் கேட்காமல் ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது. கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. அதைச் சொன்னால் கணக்கே கைமாறிவிடும். ஒவ்வொருவர் கைப்பேசியிலும் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, அந்தக் கடவு எண்ணை அவர் வீட்டு நோட்டில் எழுதிக் கொடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

ஏழாம் படி: படுத்திருப்பவரை நேரில் பார்ப்பது

கேரளம் 2008ஆம் ஆண்டிலேயே வலிதணிப்பு மருத்துவத்துக்கென ஒரு கொள்கையை வகுத்த மாநிலம். இங்கே பஞ்சாயத்துகள் வழியாகப் பாலியேட்டீவ் எனப்படும் வலிதணிப்புச் செவிலியர்கள் வீடு தேடி வருகிறார்கள். கேரளப் பக்கத்துத் தோழரைப் பார்க்கப் போகும் முன், செவிலியர் வரும் நாள் எது என்று வீட்டாரிடம் கேட்டு, அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். புண்ணுக்குக் கட்டு மாற்றிய நாளில் அவர் களைத்திருப்பார். இரண்டு பேருக்குமேல் சேர்ந்து போக வேண்டாம், அரை மணிக்குமேல் உட்கார வேண்டாம். கட்டிலின் கால்மாட்டில் நின்று பேசாமல், நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் முகத்துக்கு நேராக உட்காருங்கள். பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போவதற்கு முன்னால் அவர் என்ன சாப்பிடலாம் என்று கேளுங்கள். கவனித்துக்கொள்ளும் மனைவியிடமோ மருமகளிடமோ தனியாக ஐந்து நிமிடம் பேசிவிட்டு வாருங்கள். அந்த வீட்டில் யாரும் நலம் விசாரிக்காத ஆள் பெரும்பாலும் அவர்தான்.

தனியாக வாழ்ந்து, கவனிக்க ஆளில்லாமல் இருக்கும் தோழர் என்றால், முதியோருக்கான உதவி எண் 14567 என்பதை அவரும் தெரிந்துகொள்ளட்டும், நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: ஆண்டுக்கொரு சந்திப்பு

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் இதைத்தான் முதலில் செய்கிறார்கள், பலர் இதோடு நின்றும் விடுகிறார்கள். நாளைத் தேர்வதில் மட்டும் கவனம் வேண்டும். பாலக்காட்டு வெயிலில் மார்ச் முதல் மே வரை முதியவர்களைக் கூட்டக் கூடாது. ஜூனில் மழை தொடங்கிவிடும். டிசம்பர், ஜனவரியில் வெயில் தணிந்திருக்கும்; ஆனால் கணவாய்க் காற்று புழுதியோடு வீசுவதால் மூச்சிரைப்பு உள்ளவர்களைச் சாளரமடைத்த கூடத்தில் உட்காரவைக்க வேண்டும். ஓணம், பொங்கல், கல்பாத்தித் தேர் ஆகியவற்றை ஒட்டி வைக்காதீர்கள். மாசியில் சித்தூரில் கொங்கன்படை நடக்கும்போது வெளியூரிலிருக்கும் சித்தூர்க்காரர்கள் எப்படியும் ஊருக்கு வருவார்கள். அதற்கு முந்தைய நாளை வைத்துக்கொண்டது எங்களுக்கு நன்றாக அமைந்தது. கொங்குப் படையை வென்றதன் நினைவாக நடக்கும் அந்தத் திருவிழாவுக்குக் கொங்கு நாட்டுத் தோழர்களையும் அழைத்து வந்து உட்காரவைத்துப் பார்ப்பது எங்களுக்குத் தனி மகிழ்ச்சி.

இடம் தரைத்தளத்தில், மேல்நாட்டுக் கழிப்பறையோடு, கைவைத்த நாற்காலிகளோடு இருக்க வேண்டும். உணவைப் பன்னிரண்டரைக்கே பரிமாறிவிட வேண்டும். சர்க்கரை நோயாளிகள் மேடைப் பேச்சு முடியும்வரை காத்திருக்கக் கூடாது. பொள்ளாச்சி–பாலக்காடு ரயில் பாதை அகலப் பாதையாக்கப்பட்டு 2015இல் திறந்ததிலிருந்து ரயிலிலும் வரலாம் என்றாலும், நாளுக்குச் சில வண்டிகளே ஓடுவதால், திரும்பிச் செல்லும் வண்டியின் நேரத்தை வைத்தே நிகழ்ச்சியை முடியுங்கள். தொலைவிலிருந்து வருபவர்களுக்குச் சொல்ல வேண்டியது: ரயிலில் முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனது, ஆனால் அறுபது வயதான ஆண்களுக்கும் நாற்பத்தைந்து வயதான பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இன்றும் உண்டு. முன்பதிவு செய்யும் பிள்ளைகளிடம் அதைக் கேட்டுப் போடச் சொல்ல வேண்டும்.

பணம் பற்றி என் கருத்து, நிலையான நிதி வேண்டாம் என்பதே. யாருக்காவது மருத்துவத்துக்குத் தேவை வந்தால், பொறுப்பேற்றவர் மற்றவர்களிடம் தனித்தனியே சொல்லி, கொடுப்பவர் நேராக அந்த வீட்டுக் கணக்குக்கே அனுப்பட்டும். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது குழுவில் வரக் கூடாது.

ஒன்பதாம் படி: ஒருவர் மறைந்தால்

செய்தி கேட்டவுடன் குழுவில் போட்டுவிடாமல், நோட்டில் இருக்கும் மூன்றாவது எண்ணை அழைத்து வீட்டாரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். சில வீடுகளில் முதிய துணைவருக்கு இன்னும் சொல்லாமல் வைத்திருப்பார்கள். உறுதியான பின், எல்லைக்கு இருபுறமும் உள்ள எட்டுப் பொறுப்பாளர்களும் தங்கள் ஐந்து பேரைக் குரலில் அழைத்துச் சொல்ல வேண்டும். இதய நோய் உள்ளவர்களுக்கு அவர்கள் வீட்டார் வழியாகவே செய்தி போகட்டும். மலையாள நாளிதழில் வந்த சரமக் குறிப்பையும் பொள்ளாச்சிச் சுவரொட்டியையும் படமெடுத்து மறுபக்கத்தாருக்கு அனுப்புவதை நாங்கள் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறோம். பயணம் செய்ய முடியாதவர்கள் பதினாறாம் நாளுக்கு முன் ஒரு கடிதம் எழுதட்டும். வெறும் இரங்கல் வாசகமாக இல்லாமல், கல்லூரி நாட்களில் அவர் செய்த ஏதாவது ஒன்றை எழுதுங்கள். பிள்ளைகள் அறியாத அப்பாவை, அம்மாவை அறிந்தவர்கள் நாம் மட்டுமே.

நோட்டில் அவர் பக்கத்தைக் கிழிக்க வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். மேலே நாளை எழுதிவிட்டு, கீழே துணைவரின் பெயரை எழுதி, மாதாந்தர அழைப்பை அவருக்குத் தொடருங்கள். என் பெஞ்சு நண்பரின் மனைவியை ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு பதினொரு மணிக்கு நான் அழைக்கிறேன். முதல் சில மாதம் ‘நல்லா இருக்கேனுங்க’ என்ற ஒரு வார்த்தையோடு வைத்துவிட்டார். இப்போது தோட்டத்தில் எத்தனை தேங்காய் விழுந்தது என்பதிலிருந்து பேத்தியின் பரீட்சை வரை சொல்கிறார். போன மாதம் எனக்குக் காய்ச்சல், அழைக்கவில்லை. பதினொன்றேகாலுக்கு என் மனைவியின் எண்ணுக்கு அவரே அழைத்திருந்தார். அவரும் ஒரு நோட்டு போட்டிருக்கிறாராம்.